நாற்பத்திரண்டு பேரும் ஓர் அமைதியான பனியாறும்

ஜொகூர் மாநிலத்தில் கைப்பேசியே தேவைப்படாத ஒரே மனிதர் எங்கள் வால்யூம் அண்ணன்தான். செனாயில் நின்றுகொண்டு அவர் 'ஹலோ' என்றால் கெலாங் பாத்தாவில் இருக்கும் அவருடைய மச்சான் 'ஆங், சொல்லுங்க' என்பார். நடுவில் ஒரு தொலைபேசி எதற்கு என்றே எங்களுக்குத் தோன்றும். விமான நிலையத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் குடியிருக்கிறாரே, விமானச் சத்தம் தொந்தரவாக இல்லையா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "தம்பி, இவரு பேசுறப்ப பிளேன் போறதே எங்களுக்குக் கேக்காது."

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். செனாய் தொழிற்பேட்டையில், சலவை இயந்திரங்களுக்குத் தகரக் கூடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். அவர் பிரஸ் செக்‌ஷன். இரண்டு மாடி உயர இயந்திரம், மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லாமல் டமார் டமார் என்று தகரத்தின் மேல் இறங்கும். இருபத்தாறு வருடம் அந்த டமாருக்கு மேலே குரலை ஏற்றி ஏற்றிப் பேசியவர், வெளியே வந்த பிறகு இறக்க மறந்துவிட்டார். நான் மேல்மாடியில் பிளானிங் கிளார்க். எந்த வாரம் எத்தனை கூடு என்று கணினியில் கட்டம் கட்டி நிரப்புகிற வேலை. அந்தக் கட்டம்தான் பின்னால் என்னை இமயமலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

எல்லாம் ஒரு வேனில் ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை செய்யும் வேன் எங்கள் தொழிற்சாலை வாசலில் வந்து நிற்கும். உள்ளே ஒரு சின்னக் கூண்டு. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். 'பீப்' என்று கேட்கும்போது அமுக்க வேண்டும். வால்யூம் அண்ணனுக்கு எந்தப் பரீட்சையிலும் தோற்கப் பிடிக்காது. உட்கார்ந்ததிலிருந்து அமுக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி, வேனோடு வந்த நர்ஸ், கூண்டின் கதவைத் திறந்தார்.

"அங்கிள், நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல லா."

"பரவால்ல மிஸ்ஸி! நான் முன்னாடியே முடிச்சிட்டேன், மார்க்கு போடுங்க!"

வரிசையில் நின்ற நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டாவது தடவை அவர் ஒழுங்காக அமுக்கினார். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. மிஸ்ஸி தாளை அவரிடம் காட்டி நிதானமாக விளக்கினார். காது போய்க்கொண்டிருக்கிறது. போனது திரும்பாது. மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். குருவி கத்துவது, தண்ணீர் சொட்டுவது, கொலுசு. மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் காதடைப்பானை மாட்டு, பிரஸ் செக்‌ஷனை விட்டு வெளியே வா.

அன்று மதியம் கேண்டீனில் அவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்து பேசினார்.

"நான் பொறந்தது ரெங்கம் எஸ்டேட்டுடா. வீட்டுக்குப் பின்னாலயே ரப்பர் பால் கொட்டாய், விடிஞ்சா சங்கு. அப்புறம் இந்தப் பிரஸ்ஸு. வீட்டுக்கு மேல பிளேனு. அம்பது வயசாச்சு, சத்தமே இல்லாம ஒரு நிமிஷம் இருந்ததில்ல. காது போனப்புறம் வர்ற அமைதி எனக்கு வேணாம். காது இருக்கறப்பவே ஒரு தடவ அமைதியக் கேக்கணும். ஒரே ஒரு தடவ."

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. கேண்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் செய்திருக்கும். அத்தனை பேருக்கும் கேட்டது.

பிறகு கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். இமயமலையில் எங்கோ ஒரு பனியாறு. மலை இடுக்கிலிருந்து பனிக்கட்டி ஓர் ஆறு மாதிரி இறங்கி அப்படியே உறைந்து கிடக்கிறது. ஆள் இல்லை, கடை இல்லை, கோயில்கூட இல்லை. படம் எடுத்தவர், இங்கே யாருமே வருவதில்லை என்று கிசுகிசுக்கிறார். அந்தக் கிசுகிசுப்பை அண்ணன் முழுச் சத்தத்தில் வைத்துக் காட்டினார். அந்தப் பனியாற்றின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த பள்ளி விடுமுறைக்கு இரண்டு பேருந்து கிளம்பிவிடும். அந்த ஆபத்து எனக்குத் தெரியும்.

"நீ பிளானிங்லதான வேல பாக்குற? பிளான் பண்ணு."

"அண்ணே, நான் தகரக் கூட்டுக்கு பிளான் பண்றவன்."

"கூடு அனுப்பத் தெரிஞ்சவனுக்கு ஆளு அனுப்பத் தெரியாதா? நாம ரெண்டு பேரு மட்டும். கும்பல் சேந்தா அமைதி போயிடும். யாருகிட்டயும் மூச்சு விடாத!"

மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர், 'சரிண்ணே, விடமாட்டோம்' என்று பதில் சொன்னார்.

அன்று முதல் அண்ணன் ஆரஞ்சு நிறக் காதடைப்பானை இரண்டு காதிலும் செருகிக்கொண்டே திரிந்தார். தொழிற்சாலையில் மட்டும் இல்லை. பாசாரில், பேருந்தில், கல்யாண வீட்டில், எங்கேயும். எதற்கு என்று கேட்டால், "காத மிச்சம் புடிக்கிறேன். அங்க போயிதான் கழட்டுவேன்!" என்பார். காதை அடைத்துக்கொண்டதால் தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அதற்கு மேலும் இடம் இருந்தது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பயிற்சி ஆரம்பமானது. ஜொகூரில் மலைக்கு எங்கே போவது? அவருடைய அடுக்குமாடிக்குப் பதினான்கு மாடி. முதுகில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் படியேறினார். மூன்றாம் நாள், ஒன்பதாவது மாடியில் இருக்கும் வயதான மலாய்க்கார அம்மா, ஒரு மக்சிக், நம் வீட்டுக்குத்தான் அரிசி வந்திருக்கிறது என்று நினைத்துக் கதவைத் திறந்து, உள்ளே வை என்று சமையலறையைக் காட்டினார். அண்ணனுக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. வைத்துவிட்டு, வெறும் முதுகோடு பதினான்காவது மாடிக்குப் போனார். மறுநாளிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைக் கட்டிக்கொண்டார்.

நானும் என் வீட்டுப் படிகளில் ஏறி இறங்க வேண்டும் என்பது உத்தரவு. "இன்னைக்கு எத்தன மாடி?" என்று காலையில் கேட்பார். "பத்துண்ணே" என்பேன். அந்தப் பத்து, ரொட்டி சானாய் கடைக்குப் போகும் வழியில் இருந்த பத்துப் படி. நான் அவரிடம் சொன்ன பொய்களை அடுக்கினால் அதுவே ஒரு மலை.

அடுத்தது குளிர்ப் பயிற்சி. கெலாங் பாத்தாவில் அவருடைய மச்சானுக்கு உறைந்த கோழி மொத்த வியாபாரம். கிடங்கில் ஆள் உள்ளே போய் நிற்கிற மாதிரி ஒரு குளிர் அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர் சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை சகிதம் இருவரும் கோழிகளுக்கு நடுவில் போய் நின்றோம். எனக்குப் பத்தாவது நிமிடத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "என்னா அமைதி! என்னா அமைதி!" என்று கத்தினார். மச்சான் கதவைத் திறந்தார்.

"மாமா, கோழிலாம் ஏற்கெனவே செத்துப்போச்சு. ரெண்டாவது தடவ சாவடிக்காதீங்க."

கழிவறைக்குப் போகவேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு நான் வெளியே ஓடினேன்.

இதற்குள் கேண்டீனில் விஷயம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. மேரி அக்காவை இங்கே சொல்லியாக வேண்டும். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மேற்பார்வையாளர். குளுவாங் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மதிய இடைவேளையில் தமிழ் வார இதழை உரக்க வாசித்துக் காட்டுவார். தொழிற்சாலையில் வால்யூம் அண்ணன் வாயை மூடிக்கொண்டு கேட்பது அந்த வாசிப்பை மட்டும்தான். ஒருநாள் இதழை மூடிவிட்டு அவரிடமே நேராகக் கேட்டார்.

"என்னா அண்ணே, இமயமல போறீங்களாமே? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே?"

'இல்லை, நாங்கள் இருவர் மட்டும்' என்று சொல்லவேண்டிய இடம் அது. அண்ணன் வாயைத் திறந்தார்.

"வாங்க வாங்க! எல்லாரும் வாங்க!"

அவ்வளவுதான். பெயிண்ட் செக்‌ஷனில் ஐந்து பேர், ஸ்டோரில் எட்டு பேர், அவர்கள் வீட்டுக்காரம்மாக்கள், ஒருவருடைய சம்பந்தி. ஒரே மாதத்தில் நாற்பத்திரண்டு. எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்து எங்காவது கிளம்பினால் நான்காவதாக ஒரு டி-சட்டை கிளம்பும். தலைவர், துணைத்தலைவர், செயலாளர் எல்லாம் வேண்டும். மேரி அக்கா தலைவி. பிளானிங் தெரிந்தவன் என்பதால் நான் செயலாளர். மஞ்சள் நிறத்தில் டி-சட்டை, முதுகில் 'அமைதியைத் தேடி' என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே நாற்பத்திரண்டு பேருடைய பெயரும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஸ்டோர் குமரன் எழுந்தார். தைப்பூசத்துக்கெல்லாம் அடிக்கிற ஓர் உருமி மேளக் குழு அவருக்கு உண்டு.

"மல ஏறுறப்ப உருமி இல்லாம எப்படிண்ணே? காலு தானா ஏறணும்னா மேளம் வேணும். எங்க பசங்க ஆறு பேரு ரெடி."

பலத்த கைதட்டல். நான் அண்ணனைப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் முகம் எப்படியோ இருந்தது. செயலாளன் என்ற முறையில் இதை நிறுத்தப் பார்த்தேன்.

"ஒரு விஷயம். அங்க டாய்லெட் கிடையாது."

"எஸ்டேட்டுல வளந்தவனுக்கு டாய்லெட் கத சொல்றியா?" என்றார் குமரன்.

"கோழி கெடைக்காது. பருப்பும் ரொட்டியும்தான்."

"சார்டின் டின்னு எடுத்துக்கலாம்" என்றார் ஓர் அக்கா. உடனே எழுதிக்கொண்டார்கள்.

"போன்ல லைன் கெடைக்காது. நாலு நாளைக்கு ஒண்ணும் பாக்க முடியாது."

எல்லாரும் அவரவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். மேரி அக்கா யோசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப பொழுது போகாதே. கராவோக்கே செட்டு கண்டிப்பா வேணும். பேட்டரில ஓடுற ஸ்பீக்கர் என்கிட்ட இருக்கு."

அந்தத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் வேலை முடிந்ததும், அண்ணன் என்னை மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். காதில் ஆரஞ்சு அடைப்பான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ரகசியம் என்று விரலை உதட்டில் வைத்துக்காட்டினார். பிறகு பேசினார்.

"எனக்கு அழுகையா வருதுடா! நாப்பத்திரண்டு பேரு, உருமி, கராவோக்கே! அங்க போயி நான் எதக் கேக்குறது? அடுத்த வருஷம் இந்தக் காது எனக்கு இருக்குமான்னே தெரியல. ஆனா வராதீங்கன்னு எப்படிடா சொல்றது? பாசத்துல வர்றாங்க. அவங்க மனசு நோவக் கூடாது. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத!"

காலை ஷிஃப்டு வெளியே வந்துகொண்டிருந்தது. மாலை ஷிஃப்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஷிஃப்டும் அப்படியே நின்றுவிட்டன. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்ததால் அவர் யாரையும் பார்க்கவில்லை. வாசலருகே மேரி அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்து, பேசாதே என்று தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது முட்டிவலி. பெயிண்ட் செக்‌ஷன் ஐந்து பேருக்கும் ஒரே நாளில், ஒரே காலில் முட்டிவலி. இன்னொருவருடைய, மூன்று வருடத்துக்கு முன்பே பிள்ளை பெற்ற மைத்துனிக்கு மறுபடியும் பிரசவம். ஓர் அக்காவுக்கு ஜோசியர் வடக்கே போகக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். உருமி கிழிந்துவிட்டது என்றார் குமரன். ஆறு உருமியுமா என்று கேட்டேன். ஆறும் என்றார், கண் இமைக்காமல். ஒருவர் விடாமல் வந்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பாவம், அவர் அத்தனையையும் நம்பினார். "அலமாக், ஒடம்பப் பாத்துக்கங்க! அடுத்த தடவ கண்டிப்பா போலாம்!" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்லி, முட்டிக்குத் தைலம்கூட வாங்கிக் கொடுத்தார். கடைசியாக வந்தவர் மேரி அக்கா.

"பிரஷர் ஏறிடுச்சு அண்ணே. டாக்டரு வேணாம்ட்டாரு."

அவர் போனதும் பின்னாலேயே ஓடிப்போய் நன்றி சொன்னேன்.

"நன்றிலாம் வேணாம் தம்பி. எனக்கு வாய் சும்மா இருக்காது, ஒனக்கே தெரியும். அந்த மனுஷன் கேக்குறது ஒரு நிமிஷம். அதையும் நாம போயி கெடுத்தா கர்த்தர் மன்னிக்கவே மாட்டாரு. நீ ஒழுங்கா கூட போயிட்டு வா. ஒனக்கு முட்டி வலிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

உண்மையைச் சொன்னால், முட்டிவலி என்று சொல்லலாமா என்று எனக்கும் ஒரு யோசனை இருந்தது. அதோடு போய்விட்டது.

டி-சட்டைகளை என்ன செய்வது? நாங்கள் கிளம்பிய அதே வாரத்தில், அண்ணன் ஊரில் இல்லாத தைரியத்தில், மீதி நாற்பது பேரும் ஒரு பேருந்து பிடித்துக் கேமரன் மலைக்குப் போனார்கள். 'அமைதியைத் தேடி' என்று முதுகில் எழுதிக்கொண்டு, ஒரே நாளில் தைத்துவிட்ட ஆறு உருமிகளோடும் கராவோக்கே செட்டோடும் போனார்கள். தங்கிய விடுதியிலிருந்து மூன்று தடவை எச்சரிக்கை வந்ததாகக் கேள்வி.

இமயமலையில் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி, நரைத்த மீசைக்காரர். அவருக்கு இந்தி மட்டும்தான். அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ் தெரியாத எந்த மனிதரைப் பார்த்தாலும் வாய் தானாக மலாய்க்குப் போய்விடும். நான்கு நாளும் அவரிடம் மலாயிலேயே பேசினார். "பொலே, பொலே! பெலான் பெலான்!" என்று கத்துவார். முடியும் முடியும், மெதுவா மெதுவா என்று அர்த்தம். எதிர்ப்பக்கச் சரிவில் மேய்ந்த ஆடுகள் தலை தெறிக்க ஓடும். மீசைக்காரர் மேலே இருந்த பனியைக் காட்டி, எங்கள் தலையைக் காட்டி, உள்ளங்கையைப் பொத்தென்று கவிழ்த்துக் காட்டுவார். ஆனால் ஆச்சரியம், இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மீசைக்காரரும் 'பெலான் பெலான்' என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான்தான் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். பத்துப் படி ஏறியவன் வேறு எப்படி வருவான்?

நான்காம் நாள் காலை பத்து மணிவாக்கில் பனியாற்றை அடைந்தோம். பாதி வெள்ளை, பாதி சாம்பல். மேலெல்லாம் சரளைக்கல். காணொளியில் பார்த்த மாதிரியே ஆள் இல்லை, பேர் இல்லை. மீசைக்காரர் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். வலது காது அடைப்பானை எடுத்தார். இடது காது அடைப்பானை எடுத்தார். இரண்டையும் சின்ன டப்பாவில் போட்டு மூடினார். கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குக் கேட்டது.

வெயில் ஏற ஏறப் பனிக்கட்டி 'டிக், டிக்' என்று விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் காலுக்குக் கீழேயே தண்ணீர் சிலுசிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பொடிக்கற்கள் சரிந்தன. பதினான்கு மாடி, கோழி அறை, நாற்பது பேர் சொன்ன பொய், இத்தனையும் தாண்டி இந்த மனிதரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், பாழாய்ப்போன பனியாறு வாயை மூடமாட்டேன் என்கிறதே! அதன் வாயைப் பொத்த முடியுமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

அண்ணன் நீண்ட நேரம் அசையவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் நனைந்திருந்தன. கிசுகிசுப்பாகப் பேசினார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு இருந்தது.

"டேய்... ஒண்ணுமே கேக்கலடா."

மிஸ்ஸி காட்டிய தாள் என் நினைவுக்கு வந்தது. தண்ணீர் சொட்டுவது. அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஒனக்கு? ஒனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலண்ணே."

அவர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. நான் அவரிடம் சொன்ன பொய்களிலேயே எனக்குப் பிடித்த பொய் அதுதான்.

அண்ணன் இப்போது பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, இமயமலையில் கேட்ட அமைதியைப் பற்றித் தொழிற்சாலை முழுவதற்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தக் கதை வரும் வார இதழை அவர் தானாகப் புரட்டமாட்டார். மேரி அக்கா வாசிக்க, தே தாரிக் குடித்துக்கொண்டே கேட்பார். அதனால் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து கேமரன் மலை வரைக்கும் முழுவதையும், நாங்கள் பனியாற்றை அடைந்ததற்குப் பிறகு வருவதையும் தயவுசெய்து தாண்டிப் போய்விடுங்கள். 'ஏன் நிறுத்திட்ட, படி படி!' என்று சத்தம் போடுவார். போடட்டும் அக்கா. அந்தச் சத்தம் இல்லாத கேண்டீனை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.